குறை தட்டில் இல்லை: பரணில் ரெக்கார்டு வைத்திருப்போருக்கு ஒரு திறந்த மடல்

வீட்டில் இசைத்தட்டுகளைக் காத்து வைத்திருக்கும் அன்பர்களுக்கு,

தாத்தாவோ அப்பாவோ பார்த்துப் பார்த்து வாங்கிச் சேர்த்த ரெக்கார்டுகள் உங்கள் வீட்டுப் பரணில் இன்னும் இருக்கின்றன. பக்கத்துக்கு இரண்டு பாட்டாக நாலு பாட்டு கொண்ட சின்ன 45-கள், உறையோடு எல்.பி.க்கள், சில வீடுகளில் கை தவறினால் உடைந்துவிடும் 78-கள். இடத்தை அடைக்கிறதே, பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடலாமா, காபிக் கடைச் சுவரில் மாட்டக் கேட்கிறவரிடம் கொடுத்துவிடலாமா என்ற பேச்சு பல வீடுகளில் நடக்கிறது. அந்தப் பேச்சுக்குப் பின்னால் எல்லாரும் ஒப்புக்கொண்டுவிட்ட ஒரு தீர்ப்பு இருக்கிறது. பழைய ரெக்கார்டு என்றால் கரகரக்கும், குரல் மூக்கிலிருந்து வரும், தாளம் தகரமாய் ஒலிக்கும், அதே பாட்டு போனில் தெளிவாகக் கேட்கும்போது இது எதற்கு என்பதே அது. இந்தத் தீர்ப்பைத் தப்பான சாட்சியத்தை வைத்து எழுதிவிட்டோம் என்று சொல்லத்தான் இந்த மடல். நீங்கள் தட்டின் மேல் போட்ட பழியில் பெரும்பகுதி, தட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இருந்த கருவிகளைச் சேர வேண்டியது. இதை நீங்களே சரிபார்க்கலாம். அதற்கு வேண்டியது ஒரு ஃபோனோ ப்ரீஆம்ப். உள்ளங்கை அகலச் சர்க்யூட் போர்டில் அதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

நம்மில் பெரும்பாலோர் ரெக்கார்டைக் கேட்ட விதத்தை முதலில் நினைத்துப் பாருங்கள். கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் மைக் செட்காரர் கொண்டுவரும் பிளேயர், மரத்தில் கட்டிய குழாய். அந்தக் கூம்பு ஊர் எல்லை வரை குரலைக் கொண்டுபோவதற்காகச் செய்யப்பட்டது. 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதிலிருந்து அநேகமாக ஒன்றும் வராது. வீடுகளில் இருந்த பிளேயர்களிலும் முள்ளின் அசைவை மின்சாரமாக்கும் பகுதி பெரும்பாலும் கிரிஸ்டல் அல்லது செராமிக் கார்ட்ரிட்ஜ்தான். விலை குறைவு, வோல்டேஜ் அதிகம் என்பதால் சின்ன ஆம்ப்ளிஃபயரே போதும். ஆனால் முள்ளைத் தட்டின் மேல் ஐந்தாறு கிராம் எடையோடு அழுத்த வேண்டும், நுட்பமான ஒலிகளுக்கு அந்த முள் சரியாக அசைந்து கொடுக்காது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் 'வேங்கடேச சுப்ரபாதம்' 1963-இல் இசைத்தட்டாக வந்தது. அதைக் கேட்காத தமிழர் குறைவு. ஆனால் குழாயில் கேட்டவருக்கு எம்.எஸ்.ஸின் குரலும் உடன் பாடிய ராதா விஸ்வநாதனின் குரலும் ஒன்றாகக் குழைந்த ஒரே சத்தமாகத்தான் கிடைத்திருக்கும், அடியில் ஓடும் சுருதி கிடைத்திருக்காது. தட்டில் அவை தனித்தனியாக இருக்கின்றன.

இது அந்தக் காலத்துக் கதை. இன்று நடப்பது வேறு விபத்து. எங்கிருந்தோ நல்ல டர்ன்டேபிள் ஒன்று கிடைக்கிறது, அதில் காந்த கார்ட்ரிட்ஜ் இருக்கிறது. அதன் வயரைக் கொண்டுபோய் கம்ப்யூட்டரின் மைக் துளையிலோ ஹோம் தியேட்டரின் ஆக்ஸ் துளையிலோ செருகுகிறார்கள். ஆக்ஸில் சத்தமே எழும்பாது. மைக்கில் எழும்பும், ஆனால் சன்னமாக, காதைக் குத்துகிற மாதிரி. ரெக்கார்டு என்றால் இவ்வளவுதான் என்று அப்போதே முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த நிலையில் எடுத்த பதிவுகளை இணையத்திலும் ஏற்றிவிடுகிறார்கள், கேட்கிறவர்களும் அதையே நம்பிவிடுகிறார்கள்.

ஏன் அப்படிக் கேட்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தட்டில் பாட்டை வெட்டும்போது, ஒலியை அது இருக்கிறபடியே வெட்ட முடியாது. கீழ்ஸ்தாயி ஒலிகளுக்குப் பள்ளம் இடதும் வலதுமாக மிக அகலமாக வளைய வேண்டியிருக்கும். அப்படி விட்டால் பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கொள்ளும் எல்.பி.யில் பாதிகூடக் கொள்ளாது, முள்ளும் எகிறிவிடும். மேல்ஸ்தாயியில் நிலைமை நேர்மாறு. அசைவு அவ்வளவு நுணுக்கமாக இருக்கும், பிளாஸ்டிக்கின் சொந்தச் சொரசொரப்பிலேயே மூழ்கிப்போகும். ஆகவே வெட்டும்போதே கீழ் ஒலிகளைக் குறைத்தும் மேல் ஒலிகளைக் கூட்டியும் வெட்டுகிறார்கள், கேட்கும்போது அதே அளவுக்கு நேர் எதிராகத் திருப்பிக்கொள்ள வேண்டும். எல்.பி. 1948-இல் வந்தபோது ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு அளவு இருந்தது. 1954-இல் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் ஒரே வளைவை நிர்ணயித்தது. அதன் பெயரால் அதை ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு என்கிறார்கள். கேட்கும் பக்கத்தில் 1,000 ஹெர்ட்ஸை நடுவாக வைத்தால், 20 ஹெர்ட்ஸை 19.3 டெசிபெல் உயர்த்தவும் 20,000 ஹெர்ட்ஸை 19.6 டெசிபெல் தாழ்த்தவும் வேண்டும். இரண்டு கோடிக்கும் இடையே கிட்டத்தட்ட தொண்ணூறு மடங்கு வித்தியாசம். ஃபோனோ ப்ரீஆம்புக்கு இரண்டே வேலை: கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் ஐந்து மில்லிவோல்ட்டைச் சுமார் நூறு மடங்கு பெருக்குவது, இந்த வளைவை நிமிர்த்துவது.

மைக் துளையில் முதல் வேலை எப்படியோ நடந்துவிடுகிறது, இரண்டாவது நடப்பதே இல்லை. விளைவைக் கணக்காகவே பாருங்கள். மிருதங்கத்தின் தொப்பி எழுப்பும் 100 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலி இருக்க வேண்டியதில் நாலரையில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். வலந்தலையின் உலோகச் சாயலும், பாடகரின் 'ச', 'ஸ்' ஒலிகளும் இருக்கிற 10,000 ஹெர்ட்ஸ் பக்கம் கிட்டத்தட்ட ஐந்து மடங்காகிவிடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தொப்பிக்கும் வலந்தலைக்கும் இடையிலான சமன்பாடு இருபது மடங்குக்கு மேல் குலைகிறது. தாளம் தகரமாய் ஒலிப்பது இதனால்தான். இளையராஜாவின் பாட்டுகளில் பேஸ் கிட்டார் தனியே ஒரு பாட்டையே பாடிக்கொண்டு போகும். அந்த வாத்தியத்தின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ், அங்கே இழப்பு ஏறக்குறைய எட்டு மடங்கு. 1978-இல் ஸ்டீரியோவில் வந்த 'பிரியா'வின் தட்டை மைக் துளை வழியாகக் கேட்டவர் அந்தப் பாட்டில் பாதியைக் கேட்கவே இல்லை. இன்னொன்று, இதுதான் முக்கியம்: ரெக்கார்டின் பேரில் எல்லாரும் சொல்லும் முதல் புகாரான கரகரப்பும் மேல்ஸ்தாயியில்தான் நிறைந்திருக்கிறது. ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு மேல்பக்கத்தைத் தாழ்த்துவதே பாட்டைச் சமனாக்குவதோடு இந்தக் கரகரப்பையும் சேர்த்து அமுக்குவதற்குத்தான். வளைவில்லாமல் கேட்கிறவர் அமுக்க வேண்டிய சத்தத்தைப் பெருக்கிக் கேட்கிறார்.

இதைச் சரிசெய்யும் கருவி எவ்வளவு எளிது என்பதை உங்கள் வீட்டுக் கல்லூரிப் பிள்ளையிடம் காட்டுங்கள். என்.இ.5532 என்று ஒரு ஐசி. 1970-களின் இறுதியில் வந்தது, உலகெங்கும் ஒலிப்பதிவுக் கூட மிக்ஸர்களில் பல ஆண்டுகள் நிறைந்திருந்தது. எட்டுக் கால் கொண்ட அந்த ஒரே ஐசிக்குள் இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. சென்னை ரிச்சி தெருவில் மிகச் சொற்ப விலைக்குக் கிடைக்கும். உள்ளே வரும் வழியில் 47 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று, காந்த கார்ட்ரிட்ஜ்கள் பெரும்பாலும் அந்த அளவை எதிர்பார்த்தே செய்யப்பட்டவை. மீதி சூட்சுமம் பின்னூட்டப் பாதையில் இருக்கும் இரண்டு ஜோடிகளில். 10 நானோஃபாரட் கண்டென்சரோடு 7.5 கிலோஓம் ரெசிஸ்டர் பக்கவாட்டில், 36 நானோஃபாரட்டோடு 88.3 கிலோஓம் பக்கவாட்டில், இரண்டு ஜோடியும் ஒன்றையடுத்து ஒன்று, தரைக்கு 100 ஓம். முதல் ஜோடியைப் பெருக்கினால் 75 மைக்ரோசெகண்ட், இரண்டாவதைப் பெருக்கினால் 3,180 மைக்ரோசெகண்ட். இரண்டும் ஆர்.ஐ.ஏ.ஏ. வகுத்த நேரங்கள். இரண்டு ஜோடியும் சேரும்போது மூன்றாவதான 318 தானாகவே அமைந்துவிடுகிறது. 36 நானோஃபாரட் கடையில் தனியாகக் கிடைக்காது. 33-ஐயும் 3.3-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் பற்றவைத்தால் போதும். 82 கிலோஓமும் 6.2-உம் வரிசையாகச் சேர்ந்தால் 88.2. சாதாரண செராமிக் கண்டென்சர் இங்கே கூடாது, அதில் எழுதியிருக்கும் அளவும் உள்ளே இருக்கும் அளவும் வெகுதூரம் விலகியிருக்கும். ஃபிலிம் வகையை வாங்கி, மீட்டரில் அளந்து, இடதுக்கும் வலதுக்கும் ஒத்துப்போகிறவற்றைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். இந்தப் பொறுக்குதலில்தான் வீட்டில் செய்த கருவியின் தரம் இருக்கிறது. பொறுமை இருந்தால் காசு தேவைப்படாத வேலை இது. மின்சாரத்துக்கு இரண்டு 9 வோல்ட் பேட்டரி போதும். அதனால் வீட்டுக் கரண்டைத் தொட வேண்டியதில்லை, கரண்டோடு சேர்ந்து வரும் 50 ஹெர்ட்ஸ் ஹம் சத்தமும் இருக்காது. வளைவு 50 ஹெர்ட்ஸை ஏழு மடங்கு தூக்கிவிடும் கருவியில் இது சின்ன லாபமில்லை. டின் டப்பா ஒன்றுக்குள் போர்டை வைத்து, டப்பாவையும் டர்ன்டேபிளின் எர்த் வயரையும் ஒரே புள்ளியில் இணைத்துவிட்டால் வேலை முடிந்தது.

ரெடிமேடாகவே ஃபோனோ ப்ரீஆம்ப் விற்கிறதே, சில ஆயிரம் ரூபாயில் முடிகிற காரியத்துக்குச் சால்டரிங் அயர்ன் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எல்.பி.யும் 45-உம் மட்டும் வைத்திருக்கிறவர், கையால் செய்வதில் நாட்டமில்லாதவர், வாங்கிக்கொள்ளலாம். அதிலும் என் வாதம் நிற்கும். ஆனால் தமிழ் வீட்டுப் பரண்களில் இருக்கும் சரக்கு அமெரிக்க வீட்டுச் சரக்கைப் போன்றதன்று. நம் 1960-களின் சினிமாத் தட்டுகளில் பெரும்பகுதி மோனோ. ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் அவற்றை ஓட்டும்போது, முள் மேலும் கீழும் துள்ளுவதில் பிறக்கும் சத்தம் முழுக்க வீண் சத்தம். ஏனென்றால் மோனோ பாட்டு பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருக்கிறது. இடதையும் வலதையும் சேர்க்கும் ஒரு ஸ்விட்ச் வைத்தால் அந்தத் துள்ளல் சத்தம் தன்னைத்தானே அடித்துக்கொண்டு மறைந்துவிடும். ஒரு ஸ்விட்சும் இரண்டு ரெசிஸ்டரும்தான் செலவு, ஆனால் விலை குறைந்த ரெடிமேட் பெட்டிகளில் இது இருப்பதில்லை. அடுத்தது கேபிள். காந்த கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் சுருளின் இண்டக்டன்ஸ் சுமார் அரை ஹென்ரி. 150 பிகோஃபாரட் கொண்ட குட்டை வயர் அதோடு சேர்ந்தால் ஒலி மேடு 18,000 ஹெர்ட்ஸ் பக்கம் விழும். நீள வயரும் ப்ரீஆம்பின் உள் கண்டென்சரும் சேர்ந்து 300 ஆகிவிட்டால் மேடு 13,000-க்கு இறங்கி, காதுக்கு எட்டும் இடத்தில் கூர்மையாகக் குத்தும். நீங்கள் செய்த பெட்டி என்றால் அந்தக் கண்டென்சரை எடுத்துவிடலாம். வாங்கிய பெட்டி என்றால் அது எவ்வளவு என்று அட்டையில் எழுதியிருந்தாலே அதிர்ஷ்டம்.

மிக வலுவான காரணம் 78-கள். கர்நாடக இசையின் ஒரு பொற்காலமும் தமிழ் நாடக மேடையின் குரல்களும் அரக்குத் தட்டில்தான் இருக்கின்றன. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் பாடியது, தியாகராஜ பாகவதர் பாடியது, டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் நாதசுரத் தோடி, எல்லாம் 78-இல் வந்தவை. இவற்றில் பலவற்றுக்கு இன்று கிடைக்கும் பிரதிகளே சேகரிப்பாளர்களின் தட்டுகளிலிருந்து எடுத்தவைதான். இந்தத் தட்டுகள் ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவுக்கு முந்தியவை. இ.எம்.ஐ. குழுமத்தின் மின்பதிவுத் தட்டுகளுக்குக் கீழ்ப்பக்கத் திருப்பம், அதாவது கீழ் ஒலிகளை உயர்த்தத் தொடங்கும் இடம், பொதுவாக 250 ஹெர்ட்ஸில் வைக்கப்படுகிறது, மேல்ஸ்தாயியைத் தாழ்த்தவே வேண்டாம். 1925-க்கு முன்பு கூம்பில் பாடிப் பதிந்தவற்றுக்கு எந்த வளைவும் இல்லை. கடையில் வாங்கிய ப்ரீஆம்பில் இவற்றைப் போட்டால், மேல்ஸ்தாயி குறைந்த தட்டில் இருந்த கொஞ்சத்தையும் வெட்டி, கீழ்ப்பக்கத்தை வேண்டாத அளவு ஊதிவிடும். நாதசுரத்தின் உயிர் அதன் மேல் ஒலிகளில் இருக்கிறது, அதை வெட்டிவிட்டு ராஜரத்தினம் பிள்ளையைக் கேட்பதில் என்ன இருக்கிறது? வீட்டில் செய்த கருவியில் பரிகாரம் மேலே சொன்ன முதல் ஜோடியிலேயே இருக்கிறது. 10 நானோஃபாரட்டைத் துண்டித்து 7.5 கிலோஓமுக்குப் பதில் 22 கிலோஓம் வந்து சேரும்படி ஒரு ஸ்விட்ச் வைத்தால், திருப்பம் 250 ஹெர்ட்ஸுக்கு வந்துவிடும், மேல் வெட்டும் போய்விடும். வால்யூமை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். இதோடு 78-க்கென்று அகலமான முள் வேண்டும். எல்.பி. முள்ளின் நுனி ஆரம் சுமார் 18 மைக்ரான், 78-க்கு ஏறத்தாழ 75. எல்.பி. முள்ளைப் போட்டால் அது பள்ளத்தின் அடியில் தூசியைக் கிளறிக்கொண்டு போகும், பாட்டைத் தொடவே தொடாது. சுத்தம் செய்யும்போதும் ஒரு எச்சரிக்கை. எல்.பி.க்கு ஐசோப்ரொபைல் ஆல்கஹால் கலந்த நீர் ஒன்றும் செய்யாது, 78-இல் அது படவே கூடாது. அரக்கு கரைந்துவிடும், பாட்டும் அதோடு போய்விடும்.

டிஜிட்டலே மேல் என்பவர்களிடம் நான் வழக்காட வரவில்லை. அளவுகோல் வைத்துப் பார்த்தால் சி.டி.யின் ஒலி வீச்சு 96 டெசிபெல், நல்ல எல்.பி.யில் எழுபதை எட்டுவதே அரிது. ரெக்கார்டில் தனியாக ஏதோ கதகதப்பு இருக்கிறது, டிஜிட்டலில் ஆன்மா இல்லை என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. அப்படிப் பேசுகிறவர்கள் நல்ல வழக்கைக் கெடுக்கிறார்கள். கேள்வி ஊடகங்களுக்கு இடையிலான போட்டியைப் பற்றியது அன்று, உங்கள் கையில் இருக்கும் இந்தக் குறிப்பிட்ட தட்டைப் பற்றியது. அதில் உள்ள பாட்டு போனில் கிடைக்கிறது என்றால், எந்த முள்ளில், எந்த வளைவில், எந்த வேகத்தில் எடுத்த பிரதி அது? கரகரப்பை நீக்குகிறேன் என்று மென்பொருளில் துவைத்து, கரகரப்போடு தாளத்தின் கூர்மையையும் கழுவிவிட்ட பிரதியா? உங்களுக்குத் தெரியாது, ஏற்றியவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. சரியான பிரதி ஒன்று எங்கோ நன்றாக எடுக்கப்பட்டு இருக்குமானால் மகிழ்ச்சியோடு அதைக் கேளுங்கள். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மூலம் உங்களிடம் இருக்கும்போது அதைக் கேட்காமலே எறிவது சரியன்று. இது வெறும் மேல்நாட்டு மோகம் என்பாரும் உண்டு. அமெரிக்காவில் 2022-இல் 4.1 கோடி ரெக்கார்டுகளும் 3.3 கோடி சி.டி.க்களும் விற்றன, 1987-க்குப் பின் ரெக்கார்டு முந்தியது அதுவே முதல் முறை. மோகம்தான், இருக்கட்டும். அந்த மோகத்தால்தான் முள்ளும் கார்ட்ரிட்ஜும் இன்னும் புதிதாகச் செய்யப்படுகின்றன. அது தணிவதற்குள் நம் வேலையை முடித்துக்கொள்வது நமக்கு நல்லது.

எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர்கள் இன்னொரு கேள்வி கேட்பார்கள்: வளைவில்லாமல் கம்ப்யூட்டரில் பதிந்துவிட்டு மென்பொருளிலேயே வளைவைப் போடலாமே? போடலாம். பல வளைவுகளை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டிய 78-களுக்கு அது நல்ல வழியும்கூட. ஆனால் அப்போதும் 47 கிலோஓம் உள்ளீடும் இரைச்சல் குறைந்த பெருக்கமும் வேண்டும், அவை மைக் துளையில் இல்லை. மேலே சொன்ன சர்க்யூட்டிலிருந்து கண்டென்சர்களை நீக்கி, 88.3 கிலோஓமுக்குப் பதில் வெறும் வயரைப் போட்டால் கிடைப்பது அதுதான். ஆக அங்கும் பாதி வேலை இதே பெட்டிதான்.

கடைசியாக ஒரு கவலை, இது மிக உண்மையான கவலை. அந்தக் கனத்த முட்கள் பல வருடம் உழுத தட்டில் இனி என்ன மிஞ்சியிருக்கும்? சில தட்டுகளில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. உச்சஸ்தாயி வரும் இடமெல்லாம் குரல் பிசிறினால் அந்தப் பள்ளம் தேய்ந்துவிட்டது, எந்த ப்ரீஆம்பும் அதைத் திருப்பித் தராது. ஆனால் தேய்மானம் பள்ளம் முழுக்கப் பரவுவதில்லை. பழைய முள் பள்ளத்தின் சுவரில் எந்த உயரத்தில் உரசியதோ அங்கேதான் தேய்ந்திருக்கும். வேறு வடிவ முள், உதாரணமாக நீள்வட்ட முனை கொண்டது, ஒன்றரை இரண்டு கிராம் எடையில் ஓடும்போது சுவரின் வேறொரு இடத்தைத் தொடும். அங்கே பாட்டு பழுதில்லாமல் இருக்க வாய்ப்புண்டு. ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், எறிவதென்றாலும் விற்பதென்றாலும் கேட்ட பிறகு செய்யுங்கள்.

கேட்கும்போதே பதிந்தும் வையுங்கள். பதிந்த கோப்போடு நாலு வரி எழுதுங்கள்: என்ன முள், என்ன எடை, எந்த வளைவு, எந்த வேகம், லேபிளில் உள்ள எண், பாட்டு முடிந்த வெற்றிடத்தில் பொறித்திருக்கும் மேட்ரிக்ஸ் எண். கரகரப்பை நீக்கும் மென்பொருளை ஓட்ட ஆசைப்பட்டால் நகலில் ஓட்டுங்கள், மூலக் கோப்பில் கை வைக்க வேண்டாம். வளைவு தப்பாகப் போயிருந்தால்கூட எந்த வளைவு என்று எழுதியிருந்தால் பின்னால் வருகிறவர் அதைக் கணக்குப் போட்டு நிமிர்த்திவிடுவார். நீக்கிவிட்ட ஒலியை அப்படித் திருப்பிக் கொண்டுவர முடியாது. தட்டுகளைப் படுக்க வைத்து அடுக்கியிருந்தால் இன்றே நிமிர்த்தி நிறுத்துங்கள், ஓட்டுக்கூரையின் கீழோ மொட்டை மாடி அறையிலோ இருந்தால் கோடை வருவதற்குள் கீழே இறக்கிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் தட்டுகளின் பாட்டைக் கேட்க விரும்பும் ஒருவர்